மணி மருந்து யாருடைய அறிவு?

வானத்தில் போய் விரிகிற பேன்சி ரகப் பட்டாசில் நாம் பார்க்கிற ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரு மணி மருந்து. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்டார்’ என்று பெயர். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மணி மருந்து என்பார்கள். மேலே போய் உடைகிற குண்டுக்குள் இவை நிரப்பப்பட்டிருக்கும். குண்டு உடையும்போது தீப்பிடித்து நாலாபுறமும் சிதறும். ஒன்று சிவப்பாக எரிவதும் இன்னொன்று பச்சையாக எரிவதும், ஒன்று சட்டென்று அணைந்துபோவதும் மற்றொன்று சில நொடி தொங்கி நின்று கீழிறங்குவதும் தானாக நடப்பதில்லை. அந்தக் கலவையைச் செய்த கைகள் அப்படித் தீர்மானித்திருக்கின்றன. அந்தக் கைகளுக்குத் தெரிந்ததை இந்தச் சமூகம் ஏன் அறிவு என்று கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

இப்போது இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்களோடு களப்பணிக்கு வரும் மாணவர்கள் சிலர் யூடியூப் காணொளிகளை அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஸ்டார் செய்கிறார். நிறம் எப்படித் தெளிகிறது, எரியும் வேகத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று நிதானமாக விளக்குகிறார். கீழே பாராட்டு மழை. “என்னா கெமிஸ்ட்ரி தோழர்!” என்று நம் பிள்ளைகளும் வியக்கிறார்கள். வியப்பதில் தவறில்லை. அதே வேலையை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியைச் சேர்ந்த அக்கா இருபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். அவரைப் பற்றிக் கேட்டால் “பயர் ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போகுது” என்பார்கள். கொட்டகைக்காரர் செய்தால் வேதியியல், காலனிக்காரர் செய்தால் கூலி.

கலவை அளவு எதையும் நாங்கள் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறோம். ஆனால் அந்த வேலைக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

நிறம் உலோக உப்புகளிலிருந்து வருகிறது. ஸ்ட்ரான்சியம் சிவப்பைத் தரும், சோடியம் மஞ்சளைத் தரும், பேரியம் பச்சையைத் தரும், தாமிரம் நீலத்தைத் தரும். பள்ளி ஆய்வகத்தில் சுடர்ச் சோதனை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. அலுமினியத் தூள் வெள்ளி வெளிச்சம் தரும். மாலையில் ஆலை வேனிலிருந்து இறங்கும் பெண்களின் கைகளிலும் முகத்திலும் மினுங்குகிறதே, அதுதான். குளித்தாலும் முழுசாகப் போகாது. இந்தப் பட்டியலில் நீலம்தான் மிகக் கடினம். தாமிரத்திலிருந்து நீல ஒளி வர வேண்டுமானால் சுடருக்குக் குறிப்பிட்ட சூடு வேண்டும். அதற்கு மேல் போனால் நிறம் வெளுத்துவிடும், கீழே போனால் மங்கிவிடும். பட்டாசுக்காரர்கள் உலகம் முழுவதும் நல்ல நீலத்தைத் திறமைக்கு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 14 இரவு நம் தெருக்களுக்கு மேலே ஒரு நல்ல நீலம் விரிந்தால் நமக்கு மெய்சிலிர்க்கிறது. அது நம் கொடியின் நிறம். அந்த நீலத்தை நிறுத்தியவர் எந்தச் சேரிக்காரர் என்று நாம் கேட்டதில்லை.

வேகம் இன்னும் நுணுக்கமான விஷயம். மணி சீக்கிரம் எரிந்து தீர்ந்தால் பூ விரியுமுன் நிறம் செத்துவிடும். மெதுவாக எரிந்தால் நெருப்போடு தரையில் விழும், பார்ப்பவர் தலையிலேயே விழும். தூள் எவ்வளவு நைசு, ஈரம் எவ்வளவு, எவ்வளவு இறுக்கியிருக்கிறது, எத்தனை நாள் காய்ந்திருக்கிறது என்று எல்லாமே அந்த வேகத்தைத் தொடும். ஐப்பசி மழைக்காற்றில் ஒரு மாதிரி, சித்திரை வெயிலில் வேறு மாதிரி. இதைச் சொல்லித்தரப் புத்தகம் கிடையாது. ஒரு அக்காவிடம் கேட்டோம், பதம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று. “விரலுக்குத் தெரியும்பா, எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார். சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு. எங்களுக்கு அன்று தோன்றியது வேறு. சொல்லத் தெரியாது என்று அவர் சொன்னது பணிவு இல்லை. அவரிடம் யாரும் அதைக் கேட்டுப் பழக்கமே இல்லை.

தொழில்திறன் என்பது வேலையின் கடினத்தைப் பொறுத்தது என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. நடைமுறையில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதற்குத் திறன் என்ற பெயர் கிடைக்கிறது. ஆலையில் போர்மேனுக்குத் தகுதி கேட்கிறார்கள், பயிற்சி கேட்கிறார்கள், பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். விபத்து நடந்தால் முதலில் கைதாவதும் பெரும்பாலும் அவர்தான் என்பது வேறு கதை. பல போர்மேன்கள் நேற்றுவரை கலவை அறையில் இருந்தவர்களின் பிள்ளைகள். ஆனால் கலவையைக் கையால் தொடுகிற, மணியைக் காயவைக்கிற, குண்டுக்குள் நிரப்புகிற பெண்களுக்கு எந்தத் தகுதிச் சான்றும் இல்லை, அவர்கள் அனுபவத்துக்கு ஏற்ற கூலிப்படியும் இல்லை. இருபது வருட அனுபவக்காரருக்கும் போன வாரம் சேர்ந்தவருக்கும் ஒரே பீஸ் ரேட். எந்தத் தொழிலில் அனுபவத்துக்கு விலை இல்லையோ அங்கே முதலாளி அனுபவத்தை இலவசமாக எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

அந்த அனுபவம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1923வாக்கில் தீப்பெட்டித் தொழில் சிவகாசிக்கு வந்தது. 1940இல் வெடிபொருள் விதிகளும் உரிமமுறையும் வந்தபின் பட்டாசு ஆலைகள் முறையாக வளர்ந்தன. மானாவாரிக் கரிசல், மழை பொய்த்தால் வேலை இல்லை. சொந்த நிலமே இல்லாதவர்களுக்கு மழை பெய்தாலும் வேலை உறுதி இல்லை. அந்தப் பசியின் மேல்தான் இந்தத் தொழில் எழுந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லும்வரை, சொல்லி முடித்துச் சில வருடங்கள் வரைக்கும்கூட, சிவகாசி என்றால் உலகத்துக்குக் குழந்தைத் தொழிலாளர்தான். ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. குழந்தைகள் வெளியே வந்தார்கள், நல்லது. ஆனால் இன்று மணி மருந்து அறையில் இருக்கிற நாற்பது வயது அக்காக்களில் எத்தனையோ பேர் அன்று தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய சிறுமிகள். அவர்களுடைய பயிற்சிக் காலம் அதுதான். அதற்கான சான்றிதழை எந்த அரசும் தராது.

ஜப்பானைப் பாருங்கள். அங்கேயும் இந்த மணிகளுக்கு நட்சத்திரம் என்ற பொருளில் ‘ஹோஷி’ என்றுதான் பெயர். அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து, மறுபடி பூசி, ஒரே மணி எரியும்போதே நிறம் மாறும்படி செய்வார்கள். அதைக் கற்க வருடக்கணக்கில் ஆகும். எடோ காலத்தில் டோக்கியோவில் காகியா, தாமாயா என்று இரண்டு வாணவேடிக்கைக் கூடங்கள் இருந்தன. நல்ல வேடிக்கை விரிந்தால் ஆற்றங்கரையில் நிற்கும் கூட்டம் செய்தவரின் கூடப் பெயரைக் கூவிப் பாராட்டும். இன்றுவரை அந்தக் கூவல் பழக்கத்தில் இருக்கிறது. எல்லாம் அங்கே சமத்துவம் என்று சொல்ல வரவில்லை. வானத்தைப் பார்த்துச் செய்தவரின் பெயரைச் சொல்லலாம் என்ற எண்ணமாவது அங்கே இருக்கிறது. நம் ஊரில் பட்டாசுப் பெட்டியின் மேல் சினிமா நடிகை படம் இருக்கும், சாமி படம் இருக்கும், முதலாளியின் குடும்பப் பெயர் இருக்கும்.

தொழிலாளியின் பெயர் ஒரே இடத்தில்தான் வரும். விபத்துச் செய்தியில். அங்கேயும் ‘உராய்வு காரணமாக வெடி விபத்து’ என்று ஒரு வரி தயாராக இருக்கும். வருடா வருடம் அதே வரி. உராய்வு என்பது பொய் இல்லை. மருந்து உராய்ந்தால் தீப்பிடிக்கும், அலுமினியத் தூளில் ஈரம் சேர்ந்தால் உள்ளே சூடேறும், இது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உராய்வு என்ற சொல்லைப் படிக்கிறவர் மனதில் ஒரு படம் வருகிறது: ஒரு கூலிப் பெண் அஜாக்கிரதையாக மருந்தை அள்ளினாள், அது உராய்ந்தது. அந்த ஒரு சொல்லில் முதலாளி மறைகிறார், உள்குத்தகைக்காரர் மறைகிறார், ஆய்வுக்கு வராத அதிகாரியும் மறைகிறார். ஏன் அள்ளினாள், யார் அவசரப்படுத்தினார்கள், அந்த அறையில் எத்தனை கிலோ மருந்து இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்விகள் பின்னால் வரும். சில நேரம் வரவே வராது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விலைப்பட்டியல் வெளியிட்டு ஆர்டர் குவிந்தபின் அந்த விதியின் நிலைமை என்ன என்று ஆலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அறை பத்தாமல் மரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்குவார்கள்.

மணியின் வேகத்தை நொடிக்கணக்கில் சரிசெய்யத் தெரிந்தவரிடம், அவர் வேலை செய்ய வேண்டிய வேகம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. பீஸ் ரேட் அதைத் தீர்மானிக்கிறது. காய வேண்டிய மணி காயவில்லை என்று அவருக்குத் தெரியும். இன்று இதைத் தொடக் கூடாது என்று அவர் விரல் சொல்லும். ஆனால் இன்று தொடாவிட்டால் இன்றைய கூலி இல்லை, வாங்கிய அட்வான்ஸ் கழியாது. அறிவு இருந்தும் அதன்படி நடக்க அதிகாரம் இல்லாத நிலைமைக்கு ‘கவனக்குறைவு’ என்று பெயர் வைப்பது அயோக்கியத்தனம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வெடித்த ஆலைக்கு உதவப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். பத்தொன்பதுக்குக் குறையாத உயிர்கள். ஓர் உரிமத்தை வைத்துக்கொண்டு ஆலையை அறை அறையாகப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது அதில் வெளியே வந்தது. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இந்த மூன்று தேதிகளுக்கு இடையில் ஒன்று, இரண்டு, ஐந்து என்று செத்தவர்களின் கணக்குத் தனி. அச்சங்குளத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து வழக்கமாக அறிவிக்கப்படும் சில இலட்சங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உயிருக்கு விலை வைப்பது கொடுமைதான். ஆனால் விலை யார் கேட்டால் எவ்வளவு ஏறுகிறது என்பதும் அரசியல்தான்.

இறந்தவர்கள் எந்தச் சாதி என்று எந்த விசாரணை அறிக்கையும் தனியாகக் கணக்கிட்டு வெளியிட்டதாக நாங்கள் பார்த்ததில்லை. பட்டாசு ஆலைகளில் எல்லாச் சாதி ஏழைகளும் வேலை பார்க்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் போன துக்க வீடுகளில் காலனி வீடுகள் எத்தனை என்பது எங்களுக்குத் தெரியும். ஆலைக்குள்ளும் படிநிலை உண்டு. கணக்குப் பார்ப்பது, பெட்டி கட்டுவது, லேபிள் ஒட்டுவது, மருந்து கலப்பது எல்லாம் ஒரே ஆபத்துள்ள வேலைகள் இல்லை. மருந்துக்குப் பக்கத்தில் யார், மருந்துக்குத் தூரத்தில் யார் என்று ஒரு மாணவர் ஒரே ஒரு ஆலையில் அறைவாரியாக எழுதி எடுத்தால் போதும், அது நல்ல ஆய்வேடு. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாக அடுக்குகிறது என்ற அம்பேத்கரின் வாதத்தை இங்கே அறை எண் போட்டுக் காட்டலாம்.

பாதுகாப்பான கலவை என்ற பேச்சுக்கு வருவோம். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்த கலவை சின்ன உராய்வுக்கே வெடிக்கும் என்பதால் மத்திய அரசு 1992 ஜனவரியிலேயே அதைத் தடைசெய்தது. தடை வந்தபோது செலவு குறைந்த, நிறம் பளிச்சென்று தருகிற ஒரு வழி அடைபட்டது. ஆக, எந்த நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் யாருடைய கை போகும் என்ற கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பது அரசுக்கு 1992லேயே தெரியும்.

அடுத்து பேரியம். ஊர் வழக்கில் பச்சை உப்பு. பெயரில் பச்சை இருந்தாலும் பச்சை நிறத்துக்கு மட்டும் அது பயன்படவில்லை. மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம் என்று பலவற்றிலும் மருந்தை எரியவைக்கும் பொருளாகவே அது இருந்தது. 2015இல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் பட்டாசுப் புகைக்கு எதிராக வழக்குப் போடப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. 2021 அக்டோபரில் அதையே அழுத்திச் சொன்னது. 2023 செப்டம்பரில், பசுமைப் பட்டாசிலாவது பேரியத்தைச் சேர்க்க விடுங்கள் என்ற கோரிக்கையையும் மறுத்தது. அந்தக் குழந்தைகளின் நுரையீரல் முக்கியம். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளும்தான் போகிறது. எங்களை உறுத்துவது வேறு. நுரையீரலுக்காக ஒரு கலவை மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தில், கலவையைக் கையால் தொடுகிறவருக்கு எது ஆபத்து, எது குறைவான ஆபத்து என்று அவரைக் கேட்டு ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

கலவை மாறினால் வேகம் மாறும். இத்தனை வருடம் விரலுக்குத் தெரிந்த பதம் இனி செல்லாது. நாக்பூரில் உள்ள நீரி நிறுவனத்தார் புதிய கலவைகளுக்கு ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று அழகான பெயர்கள் வைத்தார்கள். முதலாளிகள் ஒப்பந்தம் போட்டார்கள், பெட்டியில் பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும் ஒட்டினார்கள். புதிய மருந்தோடு பழகும் அந்த முதல் மாதங்கள்தான் ஆபத்தான மாதங்கள். அந்தப் பழக்கத்துக்குப் பயிற்சி யாருக்குக் கொடுக்கப்பட்டது? எந்த மொழியில்? எங்களிடம் பேசிய பெண்களில் ஒருவர், “உப்பு பேரு மாறிருச்சுன்னு சாக்குப் பையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்” என்றார். சாக்கில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில்.

2018 தீர்ப்புக்குப் பிறகு ஆலைகளை முதலாளிகள் மாதக்கணக்கில் மூடிவைத்தார்கள். அந்த மாதங்களில் கூலி இல்லை. கடன் வாங்கியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறை நீதிமன்றத்தில் வழக்கு வரும்போதும் ‘இலட்சக்கணக்கான ஏழைத் தொழிலாளர்களின் வாழ்வாதாரம்’ என்று முதலாளிகள் சங்கம் வாதம் வைக்கும். அந்தத் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்புநிதி உண்டா, இஎஸ்ஐ உண்டா, பெயர் பதிவேட்டில் உண்டா என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. டெல்லி நடுத்தர வர்க்கத்துக்கு நாம் புகையின் காரணம். சிவகாசி முதலாளிக்கு நாம் கேடயம். இரண்டு பக்கமும் நம்மைப் பற்றிப் பேசுகிறது. நம்மிடம் பேசவில்லை. சுற்றுச்சூழல் பேசுகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். மாணவர்கள் அனுப்பிய காணொளிக்காரர் வீட்டில் செய்கிறார். நம் பக்கமும் வீட்டில் செய்கிறார்கள். தாயில்பட்டி, விஜயகரிசல்குளம் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் பட்டாசு செய்து கைதானவர்கள், கருந்திரி பின்னிப் பிடிபட்டவர்கள், வீட்டோடு எரிந்துபோனவர்கள் என்று செய்தி வராத வருடம் இல்லை. இது பொழுதுபோக்கு இல்லை. ஆலைக்காரர் கணக்கில் வராமல் வேலையை வெளியே தள்ளும்போது அது அடுப்படிக்கு வருகிறது. தொட்டில் தொங்குகிற அதே அறையில் மருந்து காய்கிறது. வெடித்தால் வழக்கு வீட்டுக்காரர் மேல். மருந்தைக் கொடுத்தவர், முடித்த சரக்கை வாங்குபவர் யாரும் முதல் தகவல் அறிக்கையில் வருவதில்லை, வந்தாலும் கடைசி வரியில் வருவார்கள். ஆலை உரிமத்தில் டிஆர்ஓ, சென்னை, நாக்பூர் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. நான்காவதாக ஓர் அடுக்கு இருக்கிறது, அதற்கு உரிமமே கிடையாது, அதுதான் நம் தெரு.

கலவை அளவை நாங்கள் எழுதாததற்குக் காரணம் இதுதான். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கல்லூரி விடுதியில் இருப்பவர்கள். ஒரு தம்பி ஆர்வத்தில் மொட்டைமாடியில் முயன்று பார்த்து விரல்கள் போனால், ஏற்கெனவே விரல் போன நம் ஆட்களின் பட்டியலில் இன்னொரு பெயர். காணொளியில் இருப்பவருக்குக் காப்பீடு இருக்கலாம், தீயணைப்பு வண்டி ஐந்து நிமிடத்தில் வரலாம். நமக்குத் தீக்காயம் என்றால் சிவகாசி அரசு மருத்துவமனை, அங்கிருந்து மதுரை இராசாசி மருத்துவமனை. வழியிலேயே முடிந்தவர்கள் உண்டு. காணொளி பாருங்கள், வேதியியலை ரசியுங்கள், செய்து பார்க்காதீர்கள்.

நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு வாதம் உண்டு. இந்த வேலையே வேண்டாம், நம் சனம் இதிலிருந்து முழுசாக வெளியேற வேண்டும், இதில் அறிவு இருக்கிறது, திறமை இருக்கிறது என்று பேசுவது அடிமை வேலைக்குப் பூமாலை போடுவது என்பார்கள். மதிக்க வேண்டிய வாதம். பறை அடிப்பதைக் கலை என்று கொண்டாடுவதா, சாவு மேளத்தை விட்டு வெளியேறுவதா என்று நாம் எத்தனை இரவு விவாதித்திருக்கிறோம். எங்கள் நிலைப்பாடு இது. அந்த அக்காவின் மகள் மணி மருந்து உருட்டக் கூடாது. அவள் வேதியியல் படிக்கட்டும், சட்டம் படிக்கட்டும், இரண்டும் வேண்டாம் என்றால் சும்மா இருக்கட்டும். ஆனால் அந்த அக்காவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. நாளைக் காலை ஏழு மணிக்கு வேன் வரும். அவருக்கு நாம் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் போதாது. அவருடைய அறிவுக்குக் கூலிப்படி வேண்டும். காயாத மருந்தைத் தொடமாட்டேன் என்று அவர் சொன்னால் அன்றைய கூலி வெட்டப்படக் கூடாது. கலவை அறைச் சுவரில், அங்கே என்ன உப்பு இருக்கிறது, எதோடு எது சேரக் கூடாது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாக்கின் நிறத்தால் காட்டலாம். நிறங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா? புதிய கலவை எது வந்தாலும் முதல் பயிற்சி கூலியோடு அவர்களுக்கு நடக்க வேண்டும். மகளுக்குப் பள்ளி, தாய்க்குப் பாதுகாப்பு. இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்.

இது எதுவும் புரட்சிகரமான கோரிக்கை இல்லை. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது 111ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையும், பயிற்சி பெறும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு என்றது அது. சட்டம் வந்து இத்தனை வருடத்தில் மணி மருந்து அறையில் இருக்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்? நாங்கள் மாலை வகுப்பில் அதைப் படித்துக் காட்டியபோது ஒரு பாட்டி சிரித்தார். “கேட்டா மறுநா வேன்ல ஏத்தமாட்டான்” என்றார்.

அவரால் கேட்க முடியாததை நாம் கேட்கலாம். நம்மை எந்த வேனிலிருந்தும் இறக்கிவிட முடியாது. விருதுநகர் மாவட்டத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை ஆய்வு நடந்தது, எந்தத் தேதியில், என்ன குறை கண்டார்கள் என்று கேளுங்கள். கலவை மாறியபின் தொழிலாளருக்குப் பயிற்சி நடந்ததா, நடந்திருந்தால் வருகைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். வருகைப் பதிவேடு முக்கியம். பயிற்சி நடந்தது என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள், கையெழுத்துப் பக்கத்தைக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். விபத்து நடந்த ஆலை என்றால், அனுமதித்த ஆள் எண்ணிக்கையையும் அன்று இருந்த ஆள் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கேளுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு எழுத வேண்டியதை நாங்கள் சேர்ந்து எழுதித் தருகிறோம்.